ஆலவாயின் எல்லையும் வந்தியின் பங்கும்

திருச்சிற்றம்பலம்

திருக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்த்துங்கால், விமானமும் கோபுரமும் புதுக்கம் பெறுகின்றன. அவற்றோடு அக்கோயிலைச் சூழ்ந்து வாழும் ஊரும் புதுக்கம் பெறுதல் வேண்டும் என்பது நம் முன்னோர் கருத்து. கலசத்தின்மீது புனித நீர் சொரியப்பெறும் நன்னேரத்தில் அன்பர் அனைவரும் அண்ணாந்து நோக்கிக் கை குவிக்கின்றோம். குவித்த கை தாழ்ந்த பின்னர், நாம் நிற்கும் நிலத்தையும் ஒருகால் நோக்குதல் தகும். அந்நிலம் எங்ஙனம் ஊராயிற்று? அதன் நீர் எவ்வழி வந்தது, எவ்வழி சென்றது? அதன் வீதியை அளந்தவர் யார்? இக்கோயிலின் தலவரலாற்றையும் மூர்த்தியின் பெருமையையும் அறிஞர் பிறர் இம்மலரில் எழுதுவர். அடியேன் எடுத்துக்கொண்ட பொருள், கோயிலைச் சூழ்ந்த மதுரை மாநகர் வளர்ந்த வரலாறும், அவ்வளர்ச்சியில் சிவனடியார்க்கு உள்ள கடமையும் ஆகும்.

மதுரை விரைந்து வளர்கிறது. 1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஏறத்தாழ 1,06,000 மக்கள் இந்நகரில் வாழ்ந்தனர். 1951-இல் அத்தொகை மூன்றரை லட்சத்தைக் கடந்தது. 2011-இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. அதே 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியின் பரப்பு ஏறக்குறைய 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டராக விரிவுபெற்றது. 72 ஆக இருந்த வட்டங்கள் 100 ஆயின. ஒரு நூற்றாண்டிற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் மக்கள் ஏறத்தாழப் பதின்மடங்கு பெருகிய ஊரில் வீடுகள் நெருங்குதலும், வயல்கள் மனைகளாதலும், மாடிமேல் மாடி எழுதலும் வியப்பன்று.

இது குறித்து ஊரில் இருவகைப் பேச்சு எழுகிறது. "குளம் போயிற்று, கால்வாய் போயிற்று, வீட்டு வாயிலில் நின்று கண்ட கோபுரமும் மறைந்து போயிற்று" என்று மூத்தோர் வருந்துகின்றனர். "பிள்ளை குட்டிகளோடு பிழைக்க வந்த மக்கள் எங்கே குடியிருப்பர்? வீடு வேண்டாவோ?" என்று இளையோர் வினவுகின்றனர். இரு திறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு. இவ்வழக்கைத் தீர்த்தற்கு வேற்று நாட்டு நூல்களைத் தேடிச் செல்லுமுன், நம் கைக்கு எட்டிய திருவிளையாடற் புராணத்தையே ஒருமுறை திறந்து பார்ப்போமாக.

அரவு வகுத்த எல்லை

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணம் மதுரைக் காண்டம், கூடற் காண்டம், திருவாலவாய்க் காண்டம் என மூன்று பகுதிகளை உடையது. மூன்றும் ஊரின் பெயர்களே. இறைவன் ஆடிய அறுபத்து நான்கு ஆடல்களைக் கூற வந்த ஆசிரியர் ஊரின் பெயரால் நூலைப் பகுத்தமை நினைக்கத்தக்கது. ஊர் வேறு, கோயில் வேறு என்னும் எண்ணம் அப்பெரியார்க்கு இல்லை.

அந்நூலில் திருநகரங்கண்ட படலம் என்று ஒன்று உண்டு. கடம்பவனத்தில் சிவலிங்கத் திருமேனி இருத்தலை அறிந்த குலசேகர பாண்டியன் காடு திருத்திக் கோயில் எடுத்தான். கோயிலைச் சூழ வீதிகளும் மனைகளும் வகுத்து நகர் கண்டான். முதலில் கோயில், பின் வீதி, அதன்பின் மனை என்பது அங்குக் காணும் முறை. இம்முறை மாறி, மனை முதலில் எழுந்து, வீதி எஞ்சிய இடமாகி, கோயிலும் குளமும் எஞ்சியதிலும் எஞ்சிய இடமாகும்போது ஊர் துன்புறுகிறது.

இதனினும் நம் பொருளுக்கு அணுக்கமானது திருவாலவாயான படலம். ஊழி வெள்ளத்தால் உலகம் அழிந்து மீண்டும் தோன்றிய பின்னர், வங்கிய சேகர பாண்டியன் திருக்கோயிலை அடுத்துச் சிறியதொரு நகரில் ஆண்டிருந்தான். குடிகள் நாளும் பெருகினர். இருந்த இடம் போதவில்லை. அரசன் நகரைப் பெருக்க விரும்பினான். விரும்பியவுடன் அளவுகோலை எடுத்தானல்லன். திருமுன் சென்று, "இந்நகரின் பழைய எல்லை இது என அடியேனுக்கு உணர்த்தியருள வேண்டும்" என்று விண்ணப்பித்தான். பெருமான் சித்தராய் எழுந்தருளித் தம் திருக்கையில் கங்கணமாய் இருந்த அரவை ஏவினார். அவ்வரவு வாலை நீட்டி ஊரை வலமாக வளைந்து, தன் வாலைத் தன் வாயில் வைத்து எல்லை காட்டிற்று. ஆலம் உடைய அதன் வாய் பொருந்தியமையால் ஊர் ஆலவாய் எனப் பெயர் பெற்றது. அவ்வெல்லைமீது பாண்டியன் மதில் எடுத்தான். தெற்கே திருப்பரங்குன்றம், வடக்கே இடபமலை, மேற்கே திருவேடகம், கிழக்கே திருப்பூவணம் என நாற்றிசை வாயில்களும் அமைந்தன என்பது புராணம்.

இவ்வரலாற்றை ஆண்டுக் கணக்கிட்டு ஆராய்வார் ஆராய்க. நமக்கு வேண்டுவது இதன் உட்பொருள். குடி பெருகுதலை இறைவன் குற்றமாகக் கொள்ளவில்லை. நகரைப் பெருக்குதலைத் தடுக்கவுமில்லை. பெருக்குமுன் எல்லையைக் கேட்டறிதல் வேண்டும் என்பதே அங்குக் கிடைக்கும் பாடம். எல்லை என்பது மதிலின் எல்லை மட்டுமோ? நீர் நிற்கும் இடத்தின் எல்லை, நீர் ஓடும் வழியின் எல்லை, தேர் ஓடும் வீதியின் எல்லை, கண்ணுக்குக் கோபுரம் தோன்றும் வெளியின் எல்லை ஆகிய அனைத்தும் எல்லைகளே. புராணம் கூறிய தென்திசை வாயிலாகிய திருப்பரங்குன்றம் 2011-ஆம் ஆண்டு விரிவில் மாநகராட்சிக்குள் வந்து சேர்ந்தது. அரவு காட்டிய பெரிய வட்டத்தை ஊர் எட்டிப் பிடிக்கும் காலம் இது. எல்லை கேட்கும் வழக்கத்தை மட்டும் இடையில் நழுவவிட்டோம்.

மதிலும் வீதியும்

புராணத்தை விடுத்துக் கண்ணாற் காணும் சான்றுகளுக்கு வருவோம். மதுரையின் வீதிகள் மரத்தின் ஆண்டு வளையங்களை ஒத்தவை. கோயில் மதிலுக்குள்ளே ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி. அதனைச் சூழ ஆவணி மூல வீதி. அதனைச் சூழ மாசி வீதி. அதற்கும் புறத்தே வெளி வீதி. உள்ளிருந்து புறம் நோக்கி ஊர் வளர்ந்த வரலாற்றை இவ்வளையங்களில் படிக்கலாம். கீழை ஆவணி மூல வீதியை அடுத்து விட்டவாசல் என ஒரு பழைய வாயில் நிற்கிறது. அது பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாயில் என்பர். 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் அக்கோட்டையை அகற்றி, 72 கொத்தளங்கள் அமைந்த பெரிய கோட்டையை எடுத்தபோது, இவ்வாயில் ஒன்றனை மட்டும் இடியாது விட்டமையால் அப்பெயர் என்பது வழக்கு. பழைய கோட்டைக்குள் ஊர் அடங்காமையால் புதிய கோட்டை எழுந்தது என்பது இதனால் விளங்கும்.

அப்புதிய கோட்டையும் காலப்போக்கில் போதாதாயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மதிலுக்குள் மக்கள் நெருங்கினர், காற்றோட்டம் குன்றியது, அகழியில் நீர் தேங்கி நோய் மலிந்தது. 1834 முதல் 1847 வரை மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் என்பார் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்கத் துணிந்தார். அரசின் பொருளைப் பெரிதும் செலவிடாது அவர் கண்ட வழி குறிப்பிடத்தக்கது. மதிலின் ஒரு பகுதியை இடித்து, அதன் மண்ணாலும் கல்லாலும் எதிரே உள்ள அகழியை நிரப்புவார்க்கு அந்நிலத்தில் மனை வழங்கப்பெற்றது. இங்ஙனம் எழுந்தவையே இன்றைய வெளி வீதிகளும், நில அளவையாளர் பெயரால் வழங்கும் மாரட் வீதியும், மேற்பார்வையாளர் பெயரால் வழங்கும் பெருமாள் மேஸ்திரி வீதியும் ஆகும். நகர மக்கள் பிளாக்பர்ன் நினைவாக எடுத்த விளக்குத்தூண் இன்றும் அப்பெயராலேயே ஓர் இடத்திற்கு அடையாளமாய் நிற்கிறது.

இங்கு ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. அன்று மனை பெற்றவன் வெறும் விலை கொடுத்து நீங்கினானல்லன். ஊர்ப்பணியில் ஒரு கூறு செய்து, அதன் பயனாக மனை பெற்றான். வீட்டு உரிமையும் ஊர்க்கடமையும் ஒரே ஓலையில் எழுதப்பெற்றன எனலாம்.

பின்னர் 1875-இல் இருப்புப்பாதை வந்தது. ஆலைகள் எழுந்தன, ஆலைத் தொழிலாளர்க்கென ஹார்விபட்டி போன்ற குடியிருப்புகள் தோன்றின. 1880-களில் எழுந்த ஆல்பர்ட் விக்டர் பாலம் வைகையின் இரு கரைகளையும் இணைத்தது. அதனால் ஆற்றின் வடபால் ஊர் பரவியது. 1914, 1915-ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்து நகரங்களைப் பார்வையிட்ட பேட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், நம் கோயில் நகரங்களின் அமைப்பை வியந்து போற்றினார். பழைய தெருக்களை இடித்து நேராக்குதல் பெருஞ்செலவும் பெருந்துன்பமும் தருவது. உள்ளதைக் காத்து, வேண்டும் இடத்தில் மட்டும் சிறு திருத்தம் செய்தலே அறிவுடைமை என்பது அவர் கொள்கை. 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டமும், 1971-இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும் பிறந்தன. 1997-ஆம் ஆண்டு அரசாணை ஒன்று, மீனாட்சியம்மன் திருக்கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவிற்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் உயர்தல் ஆகாது என்று வரையறுத்தது. ஆகவே சட்டம் இல்லாக் குறை நமக்கு இல்லை. சட்டத்தைத் தம் கடமையாக ஏற்கும் மனம் எங்ஙனம் அமையும் என்பதே எஞ்சிய வினா.

விழாவே அளவுகோல்

பழைய நகரில் அம்மனத்தை அமைத்துத் தந்தவை திருவிழாக்கள். சித்திரைத் திருவிழாவில் அம்மையப்பர் தேர்கள் மாசி வீதிகளில் வலம் வருகின்றன. தேர் என்பது மரத்தாலாகிய கோயில் மட்டுமன்று. வீதியை ஆண்டுதோறும் அளக்கும் கோலும் ஆகும். ஒருவர் தம் வீட்டுத் திண்ணையை இரண்டு முழம் முன்னே இழுத்தால், அவ்வாண்டுச் சித்திரையில் தேர்ச்சக்கரம் அதனைக் காட்டிக்கொடுக்கும். தாழ்வாரத்தை நீட்டினால் தேரின் அலங்காரம் அதில் தட்டும். வடம் பிடிக்கும் ஆயிரம் கைகளின் முன்னே அந்த நாணத்தை எவர் பொறுப்பார்? அதனால் மாசி வீதிகள் இத்துணை நூற்றாண்டு கடந்தும் அகலம் குன்றாது நிற்கின்றன. அளவையாளர் தாள் கிழிந்து போகலாம். தேர் அளந்த அளவு கிழியாது.

வீதியைத் தேர் அளந்தது போலக் குளத்தைத் தெப்பம் அளந்தது. திருமலை நாயக்கர் 1645-இல் அமைத்த வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று அம்மையும் அப்பனும் தெப்பமேறி எழுந்தருள்கின்றனர். தெப்பம் மிதக்கவேண்டுமாயின் குளத்தில் நீர் வேண்டும்; குளத்தில் நீர் வேண்டுமாயின் வைகையிலிருந்து வரும் கால்வாய் திறந்திருத்தல் வேண்டும். பல்லாண்டுகள் அக்குளம் வறண்டு, சிறுவர் பந்தாடும் களமாய்க் கிடந்ததை நம் கண்ணால் கண்டோம். அண்மை ஆண்டுகளில் பனையூர்க் கால்வாய் சீர்செய்யப்பெற்று, வைகை நீர் மீண்டும் அக்குளத்தை நிரப்பக் கண்டு மகிழ்ந்தோம். திருவிழா ஒன்று நின்று நிலவியமையால் அன்றோ, "இக்குளத்திற்கு நீர் வந்தாக வேண்டும்" என்னும் எண்ணம் ஊரில் மாயாது இருந்தது! விழா இல்லாத குளமாயின் அது தூர்ந்து, பட்டாவும் பெற்றிருக்கும்.

புதிய குடியிருப்புகளில் இத்தகைய அளவுகோல் இல்லை. அங்குத் தேர் ஓடுவதில்லை; தெப்பம் மிதப்பதில்லை. ஆதலின் வீதி குறுகுவதைக் கேட்பாரும் இல்லை; குளம் சுருங்குவதைக் காண்பாரும் இல்லை.

மாடக்குளக்கீழ் மதுரை

பாண்டியர் கல்வெட்டுக்களில் நம் நகர் 'மாடக்குளக்கீழ் மதுரை' என வழங்கப்பெறுகிறது. கடல்போன்ற சேனையும் வானளாவிய மாளிகையும் உடைய பேரரசர், தம் தலைநகருக்கு முகவரி கூறுங்கால் ஒரு கண்மாயின் பெயரைக் கூறினர். மாடக்குளத்தின் கீழ் அமைந்த நாட்டைச் சார்ந்தது மதுரை என்பது அதன் பொருள். ஊருக்கு நீரே முதல் அடையாளம் என்னும் எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது.

இன்றைய நகரின் பகுதிப் பெயர்களும் அதனையே பகர்கின்றன. தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம், கோசாகுளம், உலகனேரி என்று பேருந்தில் பயணச்சீட்டுக் கேட்குந்தோறும் நாம் நீர்நிலைகளின் பெயரையே உச்சரிக்கின்றோம். பெயரில் நிற்கும் நீர் நிலத்தில் எத்துணை நிற்கிறது என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கலாம். கிருதுமால் நதியின் நிலையும் அத்தகையதே. பாகவதம் போற்றும் கிருதமாலை இதுவே என்றும், வைகையும் இதுவும் நகருக்கு இரு மாலைகள் போல் அமைந்தன என்றும் பெரியோர் கூறுவர். சத்தியவிரதன் என்னும் அரசன் நீர்க்கடன் ஆற்றுங்கால் அந்நதியில் திருமால் மீனாய் வந்தருளினார் என்பது பாகவத வரலாறு. அம்மாலை நகரின் உள்ளே கழிவுநீர்ச் சாக்கடையாகிக் கிடத்தலைக் காணும் கண் கலங்காதிருக்குமோ?

இந்நிலை எங்ஙனம் நேர்ந்தது என்பதை அமைதியாக ஆராய்தல் நன்று. கண்மாய் என்பது வெறும் பள்ளமன்று. அதற்கு வரத்துக்கால் உண்டு, கரை உண்டு, வயலுக்கு நீர் விடும் மடை உண்டு, மிகுந்த நீரை வெளியேற்றும் கலிங்கு உண்டு. கலிங்கு வழிந்த நீர் அடுத்த கண்மாயைச் சேரும். அது நிறைந்து வழிந்தால் அதற்கடுத்ததைச் சேரும். இறுதியில் ஆற்றை அடையும். இச்சங்கிலியைக் காத்தவர் எவர்? அதன் நீரால் நெல் விளைத்த குடிகள். ஆண்டுதோறும் கோடையில் அவர்கள் கூடி, வரத்துக்காலை வெட்டி, கரையை உயர்த்தி, மடையைச் சீர்செய்தனர். குடிமராமத்து என்பது அதற்குப் பெயர். 1858-ஆம் ஆண்டிலேயே அவ்வழக்கத்திற்கு ஆங்கில அரசு சட்ட வடிவம் தந்தது.

வயல் மனையானபோது நிகழ்ந்தது என்ன? நெல் விளைவித்த குடியானவர் நிலத்தை விற்று நீங்கினார். அவரோடு குடிமராமத்தும் நீங்கிற்று. மனை வாங்கிய புதியவர் அந்நிலத்தின் பத்திரத்தை வாங்கினார். அந்நிலத்தின் கடமையை எவரும் அவருக்கு எழுதித் தரவில்லை. மடை திறப்பாரின்றிக் கிடந்தது. கால்வாயில் குப்பை சேர்ந்தது. அதன்மீது பலகை போட்டுக் கடையும், கல் பாவிப் படியும் எழுந்தன. கண்மாய்க் கரைக்குக் கீழே தாழ்ந்து கிடந்த வயல்கள், முன்னர் மிகுநீரைத் தாங்கிப் பரப்பிய இடங்கள், இன்று வீட்டு வாயில்கள். மழை மட்டும் பழைய வழியை மறக்கவில்லை. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் ஒரே நாளில் கொட்டிய பெருமழையில், செல்லூர்க் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் நிறைந்து வழிந்து வீடுகளுக்குள் நீர் புகுந்த செய்தியை அனைவரும் அறிவர். நீர் தன் இல்லம் தேடி வந்தது; அங்கே நம் இல்லங்கள் இருந்தன.

வந்தியின் பங்கு

இந்நிலையில் நமக்கு வழிகாட்டுவது மண் சுமந்த படலம். அரிமர்த்தன பாண்டியன் காலத்தில் மாணிக்கவாசகர் பொருட்டு வைகை பெருகிற்று, கரை உடைந்தது. அரசன் ஊர்க்குடிகள் அனைவர்க்கும் கரையை அளந்து பங்கிட்டு, "உம் பங்கை நீர் அடைமின்" என்று ஆணையிட்டான். செல்வர் வறியர் என்னும் வேறுபாடு அங்கு இல்லை. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் முதியவளுக்கும் ஒரு பங்கு விழுந்தது. கணவனும் மக்களும் இல்லாத அவள், "எனக்கு ஆளில்லை, ஆதலின் பங்கு வேண்டா" என்று கூறினாளல்லள். கூலியாளைத் தேடினாள். கூலியாளாய் வந்தவன் ஆலவாய் அண்ணலே. உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கொண்டு, மண்ணைக் கூடையில் சுமந்து, ஆடியும் பாடியும் உறங்கியும் பொழுது போக்கினான். வந்தியின் பங்கு அடைபடாமை கண்ட பாண்டியன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன் முதுகிலும், அமைச்சர் முதுகிலும், அனைத்துயிர் முதுகிலும் பட்டது.

இப்படலத்தை நாம் பெரும்பாலும் இறைவனது எளிமைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்கின்றோம், அஃது உண்மையே. நகரமைப்பு நூலாகவும் இதனைப் படிக்கலாம். இந்நகரில் ஒரு கூரை உடையவன் எவனாயினும் அவனுக்கு ஆற்றங்கரையில் ஒரு பங்கு உண்டு என்பது அதன் முதல் விதி. ஒருவர் பங்கு அடைபடாது கிடந்தால் வெள்ளம் அவர் வீட்டோடு நில்லாது. அடி அனைவர் முதுகிலும் விழும் என்பது இரண்டாம் விதி. கரையை அடைக்கும் வேலை தாழ்ந்ததன்று; இறைவனே கூடை தாங்கிய வேலை என்பது மூன்றாம் விதி. ஆவணி மூலத் திருநாளில் ஆரப்பாளையத்தை அடுத்த பிட்டுத்தோப்பில் இவ்வரலாறு இன்றும் விழாவாக நிகழ்கிறது. பரங்குன்றத்து முருகனும் வாதவூரரும் அவ்விழாவிற்கு எழுந்தருள்கின்றனர். ஆண்டுதோறும் அவ்விழாவைக் கண்டு பிட்டு உண்டு திரும்பும் நாம், நம் பங்கு எங்கே என்று கேட்டோமா?

வயல் மனையாயினும் வயலின் கடமை மனையோடு சேர்ந்தே வருகிறது என்பதே இக்கட்டுரையால் அடியேன் வலியுறுத்தும் பொருள். நிலத்தை வாங்கியவர் அதன் மடையையும் கலிங்கையும் கால்வாயையும் கூட வாங்கியவராவர்.

தண்டியடிகள் பற்றிய கயிறு

"இஃதெல்லாம் அரசும் மாநகராட்சியும் செய்யற்பாலன, அடியார்க்கு இதில் யாது வேலை?" என ஒருவர் கேட்கலாம். அவர்க்குப் பெரியபுராணம் விடை கூறும். திருவாரூரில் வாழ்ந்த தண்டியடிகள் பிறவியிலேயே கண்ணொளி இழந்தவர். திருக்கோயிலின் மேற்பால் இருந்த திருக்குளத்தின் கரைகளில் பிறருடைய இருப்பிடங்கள் நெருங்கிக் குளம் இடங்குறுகித் தூர்ந்திருத்தலை அறிந்தார். தாம் காணமாட்டாத குளத்திற்காக அவர் நெஞ்சம் வருந்தியது. கரையிலும் குளத்தின் நடுவிலும் தறிகள் நட்டார். அவற்றிடையே கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவிச் சென்று மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து கரையேற்றினார். இகழ்ந்தோர் இகழ்ந்தனர். அவர் பணி நிற்கவில்லை. இறைவன் அருளால் கண்ணொளியும் பெற்றார். அறுபத்து மூவருள் ஒருவராக இன்று நம் திருக்கோயில் திருச்சுற்றில் நின்று வணக்கம் கொள்கின்றார்.

தூர்ந்த குளத்தைத் தோண்டியது ஒருவரை நாயன்மாராக்கிற்று எனின், அப்பணி சிவபுண்ணியம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? அப்பரடிகள் கையில் ஏந்திய படையும் உழவாரமே அன்றோ! கோபுரத்திற்குப் பொன் தருவார்க்கு உள்ள பேறு, கால்வாயின் புல்லைச் செதுக்குவார்க்கும் உண்டு.

நாம் செய்யத்தக்கவை

குடமுழுக்குக் காணும் இத்திருக்கோயிலும், புறநகரில் அண்மைக் காலத்தே பெருகிய குடியிருப்புகளின் நடுவே விளங்குவது. இதற்குப் பொருள் உதவிய அன்பருள் பலர், வயலாய் இருந்த நிலத்தில் வீடு கட்டி வாழ்வோர். தம் வீட்டை முடித்த கையோடு இறைவன் வீட்டிற்கும் உதவினர். அவர்தம் தொண்டு போற்றற்குரியது. அவ்வன்பர்க்குச் சில விண்ணப்பங்கள் செய்ய விரும்புகிறேன்.

முதலாவது, மனை வாங்குவோர் வாங்குமுன் எல்லை கேட்டறிதல் வேண்டும். வருவாய்த்துறைப் பதிவேட்டிலும் நில வரைபடத்திலும் அந்நிலம் நீர்நிலையோ, ஓடையோ, கால்வாயோ எனக் குறிக்கப்பெற்றிருக்கும். கண்மாய்களைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பெற்றது. வங்கிய சேகரன் அரவைக் கேட்டான். நாம் அலுவலகத்திலேனும் கேட்போம். விலை மலிவு என்று நீர்வழியில் மனை வாங்குதல், தம் மக்களுக்கு வெள்ளத்தை வாங்கி வைத்தலாகும்.

இரண்டாவது, கோயில் உற்சவ மூர்த்தி எழுந்தருளும் வீதிகளை இப்பொழுதே வகுத்து, அவ்வீதிகளில் படியோ பந்தலோ நிலைத்த கடையோ புகாதவாறு குடியிருப்போர் தம்முள் உறுதி செய்துகொள்ளுதல் நலம். சிறிய சப்பரமாயினும் ஆண்டுக்கு ஒருமுறை வலம் வந்தால் வீதி அளவு குன்றாது. அவ்வீதியில் அவசரத்திற்கு மருத்துவ ஊர்தியும் தீயணைப்பு வண்டியும் தடையின்றிச் செல்லும் என்பதையும் மறவற்க.

மூன்றாவது, ஊருக்கு அண்மையில் எஞ்சியுள்ள ஊருணியோ கண்மாயோ எதுவாயினும், அதனோடு கோயிலை ஒரு விழாவால் பிணித்தல் வேண்டும். தெப்பம் விடுமளவு நீர் இல்லையெனினும் தீர்த்தவாரி ஒன்று நிகழலாம். விழா வரும் நாளுக்கு முன் ஒரு திங்கள், ஒவ்வொரு தெருவும் கரையில் ஒரு பங்கு ஏற்றுத் தூய்மை செய்க. 2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது மக்களின் பங்கையும் நாடியது. அரசு அழைக்கும்வரை காத்திராது, வந்தியின் பங்கை நாமே ஏற்பது அடியார்க்கு அழகு.

நான்காவது, உபயதாரர்க்கு. அபிடேகம், அன்னம் பாலிப்பு, விளக்கு என்று கட்டளைகள் பல வைத்துள்ளீர்கள். அவற்றோடு கால்வாய்க் கட்டளை என்று ஒன்றும் வைப்பீராக. ஆண்டுதோறும் கோடையில் வரத்துக்காலைத் தூர்வாரும் செலவிற்கு ஒரு சிறு முதல் போதும். அத்தகைய கட்டளையின் பயன், கோயிலுக்கு வாராத ஏழையின் குடிசையையும் சென்று காக்கும். அவன் வீட்டில் நீர் புகாத இரவில், எவர் பெயரையும் அறியாது அவன் நிம்மதியாய் உறங்குவான். அதனினும் உயர்ந்த அருச்சனை ஏது?

கூடல் என்னும் பெயருக்கு நான்கு மாடங்கள் கூடியமை காரணம் என்று புராணம் கூறும். வருணன் விடுத்த பெருமழை நகரை அழிக்க வந்தபோது, பெருமான் தம் சடையிலிருந்து விடுத்த நான்கு மேகங்கள் நான்கு மாடங்களாய் நின்று ஊரை மூடிக் காத்தன. ஆதலின் மாடமும் மனையும் இந்நகர்க்கு இறைவன் அளித்த வரம், அவை பெருகுக. மக்கள் பெருகுக. பெருகும் மனை ஒவ்வொன்றும் நீருக்கு வழியும், தேருக்கு வீதியும், கரைக்கு ஒரு கூடை மண்ணும் தருக. ஆலவாய் அண்ணலும் அங்கயற்கண் அம்மையும் திருவருள் புரிய, இக்குடமுழுக்கில் பங்குகொண்ட அன்பர் அனைவரும் நீடு வாழ்க.

திருச்சிற்றம்பலம்